கரையில்லாத கடல்

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியலாளர் நிக்கு மதுசூதனும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, உலகப் பத்திரிகைகளில் ஒரே வாக்கியமாகச் சுருங்கிற்று: வேறொரு சூரியனைச் சுற்றும் கடலில் உயிர் இருக்கலாம். கூடவே ஒரு படம். நீலக் கோளம், பின்னால் சிவந்த நட்சத்திரம். ஓவியரின் கற்பனை என்று அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. வாக்கியமும் பொடி எழுத்தும் ஒரு வாரத்தில் மறந்து போகும், படம் தங்கிவிடும். வானியலுக்குத் தீர்ப்பு வழங்குவது இங்கு நோக்கமல்ல. ஆனால் ஒரு படிமம் எங்கிருந்து வருகிறது, வரும்போது எதை மறைத்துக்கொண்டு வருகிறது என்று கேட்பது விமர்சனத்தின் வேலை. அந்த வேலையை நாம் கவிதைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முதலில், கையில் உண்மையாக இருப்பது என்ன? கே2-18 பி என்ற அந்தக் கோள் சிம்ம ராசித் திசையில், சுமார் 124 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 2015-ல் கெப்லர் தொலைநோக்கியால் கண்டறியப்பட்டது. கண்டறிதல் என்றால், ஒரு மங்கிய சிவப்பு நட்சத்திரத்தின் ஒளி 33 நாளுக்கு ஒருமுறை சிறிது குறைந்து மீண்டும் ஏறுகிறது. எதுவோ குறுக்கே போகிறது என்பது அதன் பொருள். எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து அதன் ஆரம் பூமியைப்போல் 2.6 மடங்கு என்று தெரிகிறது. நட்சத்திரம் எவ்வளவு தள்ளாடுகிறது என்பதிலிருந்து நிறை பூமியைப்போல் எட்டு மடங்குக்கு மேல் என்று தெரிகிறது. இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் அடர்த்தி கிடைக்கும். கல்லை விடக் குறைவு, தண்ணீரை விட அதிகம்.

இந்த ஓர் எண்ணுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்கள் அடங்கும். பாறையின் மேல் கனத்த ஹைட்ரஜன் போர்வை இருந்தாலும் இதே அடர்த்தி வரும். உள்ளே பாதி தண்ணீராக இருந்து மேலே மெல்லிய ஹைட்ரஜன் இருந்தாலும் வரும். பாறையே உருகிக் குழம்பாகக் கிடந்தாலும் வரலாம் என்று வாதிப்பவர்கள் உண்டு. ஹைட்ரஜன் வானத்தின் கீழ் ஒரு கடல் என்ற இரண்டாம் சாத்தியத்துக்கு மதுசூதன் குழுவினர் 2021-ல் ஒரு பெயர் வைத்தார்கள்: ஹைசியன். ஹைட்ரஜனும் ஓஷனும் சேர்ந்த ஒட்டுச் சொல். பெயர் முதலில் வந்துவிட்டது. கடல் இன்னும் வந்து சேரவில்லை.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் வாசிப்புகள். 2019-ல் ஹபிள் தொலைநோக்கியின் பதிவில் நீராவி என்று படித்தார்கள். 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தந்த கூடுதல் தெளிவில், நீராவி என்று படித்தது மீத்தேனாக இருந்திருக்கும் என்றாயிற்று; மீத்தேனோடு கரியமில வாயுவும் தென்பட்டது. 2025-ல் டைமெத்தில் சல்ஃபைட் என்ற சேர்மத்தின் சாயல் தெரிகிறது என்றார்கள். அதே பதிவை எடுத்து வேறு கணித முறைகளில் படித்த வேறு குழுக்கள், அப்படிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் அதில் இல்லை என்று எழுதின. ஒரே பிரதி, வேறு வேறு வாசிப்பு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விஞ்ஞானம் நேர்மையாக நடக்கும்போது இப்படித்தான் நடக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சேர்மம்தான். பூமியில் டைமெத்தில் சல்ஃபைட் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் வழியே உண்டாகிறது. கடற்கரையில் நிற்கிறவன் மூக்கில் ஏறும் அந்த வாடையில் அதற்குப் பங்கு உண்டு. உயிரின் தொடர்பில்லாமலும் அது உண்டாகக்கூடும். 67பி என்ற வால்நட்சத்திரத்திலும் அது இருந்ததாக 2024-ல் அறிவித்தார்கள். ஆனால் நாம் தேடிப் போனது வால்நட்சத்திர வாடையை அல்ல. 124 ஒளியாண்டுக்கு அப்பால் போய் நாம் முகர முயன்றது நம் ஊர்க் கடற்கரையை.

வேறு எதைத் தேடுவார்கள் என்று கேட்கலாம். தெரிந்த உயிரின் தடயத்தைத்தான் தேட முடியும். தெரியாத உயிருக்குத் தடயம் என்னவென்று யாருக்குத் தெரியும்? நியாயமான கேள்வி. விஞ்ஞானிக்கு இது முறையின் எல்லை, அவன் அதை அறிந்தே வேலை செய்கிறான். ஆனால் அந்த எல்லையை நம் கற்பனை எல்லையாக உணர்வதில்லை. கடல் என்ற சொல்லைக் கேட்டவுடன் அது போய்க் கரையில் நின்றுகொள்கிறது. இதுதான் என் குற்றச்சாட்டு.

கடலால் மூடப்பட்ட கோள்கள் இருக்கலாம் என்று 2003-ல் மார்க் குஷ்னரும் 2004-ல் அலென் லெஜேயும் சகாக்களும் கணக்கிட்டு எழுதினார்கள். அப்போது அப்படி ஒன்றும் கையில் அகப்பட்டிருக்கவில்லை. அவர்கள் கணக்கில் வரும் கடல் நம் சொல்லுக்குள் அடங்காதது. நம் கடலின் சராசரி ஆழம் நாலு கிலோமீட்டருக்கும் குறைவு. பூமியின் மொத்த நிறையில் கடல் நீர் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாம் நீர்க்கோள் என்று கொண்டாடும் பூமி, கொஞ்சம் ஈரம் பட்ட கல். அந்தக் கோள்களிலோ நிறையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். கடலின் ஆழம் நூறு கிலோமீட்டர் என்ற வரிசையில் போகும். அதன் அடியில் மணல் இல்லை, பாறை இல்லை. மேலே உள்ள தண்ணீரின் பாரத்தால் நசுங்கிக் கெட்டிப்பட்ட பனிக்கட்டி; குளிரால் உறையாமல் அழுத்தத்தால் உறைந்த பனி. தீவு இல்லை. துறைமுகம் இல்லை. வானும் நீரும் பிரியும் கோடுகூட இல்லாமல் வாயு கனத்துக் கனத்துத் திரவமாகிவிடும் இடங்களும் இருக்கலாம் என்கிறார்கள்.

கரை என்பது தண்ணீர்ப் பற்றாக்குறையின் விளைவு. தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாய்த்திருந்தால் பூமியிலும் கரை இருந்திராது. கடலைப் பார்க்கிறவனும் இருந்திரான்.

நம் மரபை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகிறது. நெய்தல் என்று பெயரிட்டது கடலையும் கடல் சார்ந்த இடத்தையும். அதன் உரிப்பொருள் இரங்கல். இரங்குகிறவள் நிற்க ஓர் இடம் வேண்டும்: புன்னை, கழி, மணல். நடுக்கடல் நம் கவிதையில் தனித் திணையாக ஆகவில்லை. இது குறை என்று சொல்லவில்லை. கடல் என்று நாம் எழுதி வந்ததெல்லாம் கரையிலிருந்து எழுதியது என்பதை அறிந்துகொள்வது நல்லது என்கிறேன். உலகம் என்ற சொல்லும் இப்படித்தான். பழந்தமிழில் அது நிலத்தை மட்டும் குறிக்காது, மக்களையும் குறிக்கும். வேற்றுலகம் என்று சொல்லும்போதே அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நம் மொழி முடிவு செய்துவிடுகிறது.

வேற்றுலகக் கடலை எழுதியவர்களில் இருவரை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்று படுகிறது. ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். 1986-ல் வெளியான அவருடைய 'தொலைதூரப் பூமியின் பாடல்கள்' நாவலில் தலஸ்ஸா என்றொரு கோள். கிரேக்க மொழியில் கடல் என்று பொருள். கோள் முழுதும் கடல், நடுவே மூன்று தீவுகள். பூமி அழியுமுன் அனுப்பிய தானியங்கிக் கப்பலிலிருந்து முளைத்த மனிதர்கள் அங்கே வாழ்கிறார்கள். அமைதியானவர்கள், பொறாமை குறைந்தவர்கள். பூமியிலிருந்து கடைசியாகக் கிளம்பிய மகெல்லன் என்ற கப்பல், தன் பனிக்கவசத்தைப் புதுப்பிக்கத் தண்ணீர் தேடி அங்கே நிற்கிறது. காதல் வருகிறது, பிரிவு வருகிறது, கப்பல் போகிறது.

இந்தக் கடல் எங்கிருந்து வந்தது என்று தேட வானத்துக்குப் போகவேண்டாம். கிளார்க் 1956 முதல் 2008-ல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். கடலுக்குள் மூழ்குவதில் மோகம் கொண்டவர். திருகோணமலைக் கடலடியில் கிடந்த கோணேசர் கோயில் இடிபாடுகளைப் பார்த்து எழுதியவர்களில் ஒருவர். தலஸ்ஸாவின் தீவும் வெதுவெதுப்பான நீரும் அவர் கண்ணால் கண்டவை. அதில் தவறில்லை, எழுத்தாளன் கண்டதைத்தான் எழுதுவான். உறுத்துவது வேறு. தலஸ்ஸா மக்களுக்குப் பூமியிலிருந்து அனுப்பப்பட்ட நூல்களில் மதத்தையும் வன்முறையையும் தூண்டக்கூடியவை முன்கூட்டியே நீக்கப்பட்டிருக்கின்றன. தணிக்கை செய்யப்பட்ட நினைவிலிருந்து ஒரு சமூகம் பிறக்கிறது, அது நன்றாகவும் இருக்கிறது. 1983 ஜூலைக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வெளிவந்த நாவல் இது. கிளார்க் இலங்கையைத்தான் எழுதினார் என்று நிரூபிக்க வரவில்லை. ஆனால் ரத்தம் சிந்திய ஒரு தீவிலிருந்து எழுதும் ஒருவர் கற்பனை செய்யும் மகிழ்ச்சியான தீவு, வரலாறு கழிக்கப்பட்ட தீவாக இருப்பது தற்செயல் என்று ஒதுக்கிவிட்டுப் போக ஒரு தமிழ் வாசகனால் முடியாது. அந்தக் கடலடியில் புத்தி அரும்பும் வேறொரு ஜீவராசியும் இருக்கிறது. நாவல் அதைக் கவனிக்கிறது, வியக்கிறது, ஓரத்தில் விட்டுவிடுகிறது. கரையில் இருப்பவர்களின் பிரிவுத் துயரம் அதைவிட முக்கியமாகிவிடுகிறது.

அதே திருகோணமலையில் பிறந்த பிரமிள், ஐன்ஸ்டீனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். விஞ்ஞானத்தை அவர் அலங்காரமாக அணியவில்லை. சிந்தனையில் நிகழ்ந்த சம்பவம் ஒன்று அதன் பின்விளைவுகளோடு அங்கு வருகிறது. விஞ்ஞானச் செய்தியை வைத்து எழுதும் தமிழ்க் கவிஞனுக்கு அளவுகோல் ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன். புதிய கோளின் பெயரைப் போட்டுப் பழைய நிலாக் கவிதையை எழுதினால் அது இந்த அளவுகோலில் நிற்காது.

மற்றவர் ஸ்டானிஸ்லாவ் லெம். அவருடைய 'ஸோலாரிஸ்' 1961-ல் போலிஷ் மொழியில் வந்தது. வேறு சூரியனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட நிரூபிக்கப்படாத காலம். ஒரு சாதாரணச் சூரியனைச் சுற்றும் முதல் கோளை மிஷேல் மேயரும் டிடியே குவெலோஸும் அறிவித்தது 1995-ல்தான். லெம் எழுதிய கோளில் கடல் மட்டுமே. அந்தக் கடலே ஓர் உயிர், அல்லது உயிர் போன்ற ஏதோ ஒன்று. இரண்டு சூரியன்களுக்கு நடுவே தன் கோளின் பாதையைத் தானே நிலைப்படுத்திக்கொள்கிறது. அதன் மேல் மிதக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கெல்வின் என்ற உளவியலாளன் வந்து சேர்கிறான். இறந்துபோன அவன் மனைவி ஹாரே ஒரு காலையில் அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கடல் அவன் நினைவிலிருந்து அவளைச் செய்து அனுப்பியிருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தண்டனையா, பரிசா, சோதனையா, அல்லது கவனமே இல்லாத ஒரு பிரதிபலிப்பா? நாவல் முடியும்போதும் தெரியாது.

இந்த நாவலில் பலரும் தாண்டிப் போகும் அத்தியாயங்கள் நூலகத்தில் நடப்பவை. கெல்வின் படிக்கிறான். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஸோலாரிஸைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள், மறுப்புகள், மறுப்புக்கு மறுப்புகள். கடல் எழுப்பும் பிரம்மாண்டமான உருவங்களுக்கு மிமாய்டுகள், சிமெட்ரியாடுகள் என்று பெயர் வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பெயர்கள் பெருகுகின்றன, அறிவு பெருகவில்லை. கதைக்குத் தடை என்று வாசகன் அலுத்துக்கொள்ளும் அந்தப் பக்கங்களில்தான் நாவலின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. ஹாரேயின் துயரம் நம்மை உருக்குகிறது, உண்மை. ஆனால் நூலகம் இல்லாவிட்டால் அது இன்னொரு பேய்க்கதை. நமக்கு வேறு உலகங்கள் வேண்டாம், நம் முகத்தைக் காட்டும் கண்ணாடிதான் வேண்டும் என்ற கருத்தை ஒரு பாத்திரம் சொல்கிறான். அதைப் பலரும் எடுத்தாண்டு தேய்த்துவிட்டார்கள். லெம் அதோடு நிற்கவில்லை. அந்தப் பேச்சுக்கு அப்பாலும் கடலை விடாமல் பார்க்கிறார்.

முடிவில் கெல்வின் முதல்முறையாகக் கடலில் இறங்குகிறான். பழைய மிமாய்டு ஒன்று தீவுபோல் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டுகிறான். அலை தயங்குகிறது, பின்வாங்குகிறது, பிறகு அவன் கையைச் சுற்றிக் கவிகிறது. தொடவில்லை. கைக்கும் அலைக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் ஒன்று. அவன் மீண்டும் மீண்டும் நீட்டுகிறான். கொஞ்ச நேரத்தில் கடலுக்கு அக்கறை போய்விடுகிறது. அவ்வளவுதான். இந்த நாவலிலும் ஒரு கரை உண்டு என்று இதைக் காட்டி யாரும் என்னை மடக்கலாம். உண்டு. அதைச் செய்தது கடல்; அது உதிர்ந்துகொண்டிருக்கிறது; யாருக்காகவும் செய்யப்பட்டதல்ல.

1972-ல் தார்க்கோவ்ஸ்கி இதைப் படமாக்கியபோது முடிவை மாற்றினார். கெல்வின் தன் தகப்பனாரின் வீட்டு வாசலில் மண்டியிடுகிறான். காமிரா உயர்கிறது. வீடு, குளம், மரங்கள் எல்லாம் ஸோலாரிஸ் கடலின் நடுவே ஒரு சிறு தீவு. திரைப்படக் கலையில் இதற்கு நிகரான காட்சிகள் கொஞ்சம்தான். அதை மறுப்பவனோடு பேச ஒன்றும் இல்லை. ஆனால் லெம்முக்கு ஏன் கோபம் வந்தது என்பதும் புரிகிறது. தார்க்கோவ்ஸ்கி எடுத்தது 'ஸோலாரிஸ்' இல்லை, 'குற்றமும் தண்டனையும்' என்று அவர் சொன்னது பிரசித்தம். லெம் உதிரவிட்ட கரையை தார்க்கோவ்ஸ்கி வீடாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். 2002-ல் ஸோடர்பெர்க் எடுத்த படத்தில் காதல் கதை மேலோங்க, கடல் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அந்த வரிசையின் அடுத்த படி பத்திரிகைகளில் வந்த நீலக் கோளம்.

அதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. நாஸாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 2015 முதல் வேற்றுக் கோள்களுக்குச் சுற்றுலா விளம்பரங்கள் வரைந்து வெளியிட்டது. பழைய ரயில்வே விளம்பரங்களின் பாணி, அழகானவை, விளையாட்டானவை. அவற்றில் ஒன்று கெப்லர்-16 பி. இரண்டு சூரியன்களைச் சுற்றும் கோள். விளம்பரத்தில் ஒரு மனிதன் தரையில் நிற்கிறான், அவனுக்கு இரண்டு நிழல். ஆனால் அந்தக் கோளின் நிறை சனிக்கிரகத்தின் வரிசையில் இருக்கிறது. பெரும்பாலும் வாயு. நிற்கத் தரை கிடைக்காது. தரை இல்லாத இடத்தில் தரையை வரைந்தால்தான் நிழலை வரைய முடியும், நிழல் இருந்தால்தான் நாம் அங்கே இருப்போம். இந்தத் தர்க்கத்தை விளையாட்டு என்று விட்டுவிடலாம். கவிதையிலும் நாவலிலும் விட முடியாது.

போகும் கனவைப் பற்றி ஒரு கணக்கு. 1977-ல் ஏவிய வாயேஜர்-1 விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வேகத்தில் கே2-18 பி-க்குப் போக ஏறக்குறைய 22 லட்சம் ஆண்டுகள். கனவு காண்கிறவனைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. போக முடியாது என்பதால் கனவு தப்பாகிவிடாது. போக முடியாத இடத்தை வந்து சேர்ந்த இடமாக வரைவதுதான் தப்பு. அப்படி வரைந்த நிமிஷமே அந்த இடம் கைநழுவிப் போய் நம் வீட்டுச் சுவரில் தொங்கத் தொடங்கிவிடுகிறது.

'ஸோலாரிஸ்' இங்கிலீஷில் வந்த கதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1970-ல் வந்த மொழிபெயர்ப்பு போலிஷிலிருந்து செய்யப்பட்டதல்ல. பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்தது. ஹாரே அதில் ரேயா ஆனாள், ஸ்நாவுட் என்பவன் ஸ்நோ ஆனான். லெம்முக்கு அதில் திருப்தி இல்லை. போலிஷிலிருந்து நேராக பில் ஜான்ஸ்டன் செய்த மொழிபெயர்ப்பு 2011-ல்தான் வந்தது. நாற்பது ஆண்டுகள் இங்கிலீஷ் வாசகன் பிரதியின் பிரதியைப் படித்தான். ரஷ்யனையும் ஜெர்மானியனையும் இங்கிலீஷ் வழியே தமிழில் படித்து வளர்ந்த நமக்கு இந்த நிலைமை அந்நியமல்ல. நட்சத்திரத்தின் ஒளி, கோளின் விளிம்புக் காற்றில் வடிகட்டப்பட்டு, கருவியில் எண்ணாகி, கணித மாதிரியில் வாயுவாகி, செய்தியில் உயிராகி, படத்தில் கடலாகிறது. இத்தனை மொழிபெயர்ப்புகளுக்குப் பின் வந்த ஒன்றை மூலம் என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து. மொழிபெயர்ப்பு என்று தெரிந்தே படித்தால், மூன்றாம் கையிலிருந்தும் ஏதோ ஒன்று வந்து சேரத்தான் செய்கிறது. நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விஞ்ஞானிகள் தங்கள் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் பிழையின் அளவை எழுதுகிறார்கள். 2025-ன் அந்த முடிவு தற்செயலாக நிகழ்ந்திருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு என்று அதை வெளியிட்டவர்களே சொன்னார்கள். கண்டுபிடிப்பு என்று சொல்ல இது போதாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். கெல்வினின் கைக்கும் அலைக்கும் இடையே நின்ற காற்றுப் படலத்துக்கு ஒப்பானது அந்தப் பிழை அளவு. செய்தித்தாளுக்கு அது இடைஞ்சல், அடித்துவிடுகிறது. சுற்றுலா விளம்பரத்துக்கு அது தேவையில்லை. அதை அடிக்காமல் வைத்துக்கொண்டு, தொடாமலே ஒரு கடலை எழுத முடியுமா என்பது இனி எழுத வருகிறவனுக்கு முன் உள்ள கேள்வி. லெம் ஒரு தடவை எழுதிக் காட்டிவிட்டார். தமிழில் அந்தக் கடலுக்கு இன்னும் திணை வகுக்கப்படவில்லை.